முதுகுக்கு ஒரு ஸ்டார்ட்டர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது என் செல்போனில் வந்து விழுந்தது. கோம்பையிலிருந்து தோழி நாகஜோதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அட்டைப்பெட்டிக்குள் ஐந்து நாய்க்குட்டிகள். நான்கு செவலை, மூஞ்சி மட்டும் கறுப்பு. கோம்பை நாய் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொல்லுமோ அப்படி. ஐந்தாவதுக்கு முதுகெல்லாம் கறுப்பு, காலும் வயிறும் செம்மஞ்சள். யாரோ கரித்துணியைப் போர்த்திவிட்டது போலிருந்தது. கீழே ஒரு வரி: "இதனால எங்க ஊர்ல பெரிய பஞ்சாயத்து."

எழுத உட்கார்ந்தேன். "மலையடிவாரத்தில், பனி விலகாத அந்தக் காலைப்பொழுதில்" —

வேண்டாம். குட்டிகள் பிறந்தது மொட்டை வெயிலில் என்று ஜோதி பிறகு சொன்னாள்.

"டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன மிக நீளமான" —

இதுவும் வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நாயிலிருந்தே தொடங்குகிறேன்.

2

நாகஜோதி தேனிப் பக்கத்துக் கல்லூரியில் உயிரியல் நடத்துகிறாள். கணவன் சுருளிவேலோடு குடியிருப்பது கோம்பையில். அவளுடைய பெட்டை நாயின் பெயர் மிளகா. அதற்கு இணை தேடியபோது ஊரே கைகாட்டியது தங்கப்பாண்டியனின் துரையை. ஊரில் பாதிச் செவலைகளுக்குத் துரைதான் அப்பன். திராட்சைத் தோட்டக்காரரான தங்கப்பாண்டியன் ஜோதிக்குப் பெரியப்பா முறை. பிறக்கும் குட்டிகளில் முதலாவதாக ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு என்பது பேச்சு.

பொறுக்க வந்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது என்னாது?"

"குட்டி பெரியப்பா."

"அது தெரியுது. கருப்பு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"அதத்தேன் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"யோசிக்க என்ன இருக்கு ஆத்தா. ஒன் நாயி கேட்டத் தாண்டிப் போயிருக்கு."

"கேட்டு பூட்டித்தேன் இருந்துச்சு மாமா" என்றான் சுருளிவேல்.

"நாயிக்குச் சாவி எதுக்கு மாப்ள?"

குட்டி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே நாய் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "மிளகா குட்டிகளுக்கும் துரைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

குட்டி கேட்டிருந்த சின்னமனூர்க்காரர் போனை எடுக்கவில்லை. ஜோதிக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் பைக்கை நிறுத்தி, "காப்பி இருக்கா" என்று கேட்கிற பெரியப்பா, அந்த ஞாயிறு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதுதான் உறுத்தியது. மிளகாவோ, தன் மானம் ஊர்வலம் போவது தெரியாமல், காலை நீட்டிப் படுத்து ஐந்துக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

3

(இந்த இடத்தில் ஓர் ஒப்புதல். முதல் பிரதியில் தங்கப்பாண்டியனுக்குப் பெரிய மீசையும் சிவந்த கண்ணும் வைத்திருந்தேன். ஜோதிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"பெரியப்பாவ ஏண்டி வில்லனாக்குன? அவுகளுக்கு மீசையே கெடையாது."

"கதைக்கு ஒரு எதிரி வேணும்டி."

"துரைக்குக் காய்ச்சல்னா தோட்ட வேலைய விட்டுட்டு அது பக்கத்துலயே ஒக்காந்திருப்பாக. தான் வளத்ததப் பத்தி ஊரு ஒரு சொல்லு சொல்லிருமோன்னு பயம். அத எழுது."

மீசையை எடுத்துவிட்டேன். பயத்தை வைத்திருக்கிறேன்.)

4

ஜோதிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்கத் துரையின் எச்சில் வேண்டும். நேரே போய்க் கேட்டாள்.

"ஒரு பஞ்சுதேன் பெரியப்பா. துரை வாயில தடவி எடுத்துக்கிறேன்."

"எடு. ஒன் நாயி யோக்கியத ஊருக்கே தெரியட்டும்."

துரை ஆவலோடு வாயைத் திறந்தது. தின்பண்டம் என்று நினைத்திருக்கும். துரை, மிளகா, ஐந்து குட்டிகள் எல்லாருடைய பஞ்சுகளும் மதுரைக்கு, அவளோடு படித்த ஒருத்தியின் ஆய்வகத்துக்குப் போயின.*

\* நீங்கள் நாய்க்காக மட்டும் வந்தவர் என்றால் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடலாம். மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. அதற்கு முன்னால் டி.என்.ஏ.வில் சின்னச் சின்னத் துண்டுகள் நிற்கும். அவை எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. அந்தக் குறிப்பை உடம்பின் எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு படிக்க வேண்டும் என்று சொல்லும், அவ்வளவுதான். கதாசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய வேலை.

முடிவு வந்தபோது ஜோதி கல்லூரி மரத்தடியில் நின்றிருந்தாள். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, "மிளகா மேல பழி போட்டவர்கள் கவனத்துக்கு" என்று தட்டச்சு செய்தாள். அனுப்பப் போன கட்டைவிரல் நின்றது. இது வெளியே போனால் மிளகா தப்பிவிடுவாள், துரை மாட்டிக்கொள்வான். "துரைக்குள்ளேயும் கறுப்பா?" என்று வீட்டுக்கு வீடு பேசுவார்கள். பெரியப்பா எந்தத் தெருவில் நடப்பார்?

எழுதியதை அழித்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

5

பந்தலுக்கடியில் தங்கப்பாண்டியன் குலை வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"துரைதான் அப்பன் பெரியப்பா. அஞ்சுக்குமே."

கத்தரி நின்றது. "அப்பக் கருப்பு?"

"துரைட்டயும் இருக்கு, மிளகாட்டயும் இருக்கு. ரெண்டும் சேந்து வெளிய வந்துருச்சு."

"துரைட்ட எங்கன இருக்கு? காட்டு."

பேர் கேட்டதும் துரை எழுந்து வந்து வாலை ஆட்டியது. தலை முதல் வால்வரை செவலை.

ஜோதி கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரைப் பார்த்தாள். "நாயி முடியச் செவப்பாக்க ஒரு மோட்டாரு இருக்குன்னு வைங்க. எல்லா நாயிக்கும் அதே மோட்டாருதேன். ஆனா ஸ்டார்ட்டரு ரெண்டு. ஒன்னு வயித்துப் பக்கம் ஓட்டும், இன்னொன்னு முதுகுப் பக்கம். இந்தக் குட்டிக்கு முதுகு ஸ்டார்ட்டரு எடுக்கல."

"மோட்டாரு பழுதோ?"

"மோட்டாரு நல்லாருக்கு. அதான் வயிறு செவந்துருக்கே."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். மோட்டார் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. "அப்ப துரைக்கு மட்டும் எப்பிடி எடுக்குது?"

"அப்பன்ட்ட இருந்து ஒரு செட்டு வரும், ஆத்தாட்ட இருந்து ஒரு செட்டு. ஒன்னு எடுத்தாலே முதுகு செவந்துரும். துரைக்கு ஒன்னு எடுக்கும், ஒன்னு எடுக்காது. மிளகாவும் அப்பிடித்தேன். இந்தக் குட்டிக்கு ரெண்டு பேர்ட்டயிருந்தும் எடுக்காதது வந்துருச்சு."

தங்கப்பாண்டியன் துரையின் முதுகை மேலிருந்து கீழாகத் தடவினார். முடியை விலக்கிக்கூடப் பார்த்தார்.

"எத்தன தலமொறையா உள்ளயே கெடந்துச்சோ" என்றார். குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "ஊருக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல ஒங்ககிட்டத்தேன்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். ஜோதியின் போன் சிணுங்கியது. குழுவில் அவர் எழுதியிருந்தார்:

"துரைதான் அப்பன். நான் சொன்னது தப்பு. கருப்பு ரெண்டு வீட்டுச் சொத்து."

6

அங்கிருந்து நேரே ஜோதி வீட்டுக்கு வந்தார்கள். மிளகா மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அவர் காலை நக்கினாள். அவர் பெட்டி முன்னால் குந்தினார்.

"மொதக் குட்டி எனக்குத்தான?"

"எடுங்க பெரியப்பா."

இனி முடிவுகள். கறுப்பை எடுக்கிறார் என்று எழுதலாம். உங்களுக்குக் கண் கலங்கும். அது அவ்வளவு சுலபமாக நடந்துவிடும் என்பதால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நல்ல செவலையாக ஒன்றை எடுக்கிறார் என்று எழுதலாம். அதிலும் குற்றமில்லை, மனிதருக்குப் பிடித்தது பிடித்ததுதான். ஐந்தையும் அள்ளிக்கொண்டு —

இல்லை. அவர் மனைவி சோணையம்மாள் அவரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்.

உண்மையில் என்ன நடந்தது என்று ஜோதி சொன்னாள். நான் அதை எழுதப்போவதில்லை. எழுதினால், இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் ஒரு குட்டியின் நிறத்தைப் பற்றியதாகிவிடும்.

ஆனால் இவ்வளவு மட்டும் சொல்கிறேன். அவர் கையைப் பெட்டிக்குள் விட்டார். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முகர்ந்தன. அவற்றில் ஒன்று, புதிதாக முளைத்த பல்லால், அவர் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. தங்கப்பாண்டியன், "ஏலே, வலிக்குதுடா" என்று சிரித்தார்.

எந்தக் குட்டி என்று நீங்களே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி திறந்துதான் இருக்கிறது.