கூடுதலாக ஒரு வாரம்

"முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்கப்பா!" என்று கொழுந்தனார் எழுந்து நின்றதும், கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அவரவர் கைபேசியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் யாருடைய பையிலிருந்தும் வரவில்லை. துணி துவைக்கும் மெஷின் நிற்கும் மூலையிலிருந்து, கரகர கரகர என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

கொழுந்தனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டே காலத்தை ஓட்டியவருக்கு, எது ஓடினாலும் நிறுத்தத்தான் தோன்றும்.

"அதைத் தொடாதீங்க தம்பி," என்றாள் ஆபரேட்டரம்மா. காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முந்தாநாள் வரை தினமும் போன் போட்டு, "ஒண்ணு அந்த மெஷின் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொன்னவள் இவள்தானே!

தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவள் ஆபரேட்டரம்மா. ஓய்வு பெற்றபோது கேட்டதெல்லாம் கொஞ்சம் அமைதி. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த கணவருக்கோ ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை. எதற்காவது நேரம் குறித்தாக வேண்டும் அந்த மனிதருக்கு. குக்கர் விசிலுக்குக் குறித்தார். பக்கத்து வீட்டுக்காரர் நடக்கப் போய்த் திரும்புவதற்குக் குறித்தார். அந்த ஆள் நடக்கும் தெருவையே மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கல்லுக்குப் பாலிஷ் போடும் இந்த மெஷின் வந்தது. ஒரு ரப்பர் டப்பா. அதற்குள் கற்கள், கரகரப்பான பொடி, தண்ணீர். இறுக மூடிப் படுக்க வைத்தால் இரவு பகலாக உருளும். வாரம் ஒரு முறை திறந்து, கழுவி, முன்னதைவிட நைசான பொடி போட வேண்டும். நாலே வாரத்தில் ரோட்டோரக் கல்லெல்லாம் கண்ணாடியாகிவிடும் என்றார்.

"நம்ம ரெண்டு பேர் மூஞ்சியையும் உள்ள போடலாமா?"

"டப்பா சின்னது," என்றார் அவர், கேலி உறைக்காமல்.

அடுத்து அவர் கண் போன இடம் ஷோகேஸ். அங்கே ஒரு சின்ன பாட்டிலில், ஆபரேஷன் செய்து எடுத்த அவளுடைய பித்தப்பைக் கல் இருந்தது. மொச்சைக்கொட்டை அளவு, தேன் நிறம். தூக்கிப் போடுங்கள் என்று அவள் சொன்னதை, தேதியும் நேரமும் எழுதிச் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்தியவர் அவர். வருகிறவர்களிடம் அதைக் காட்டும்போதெல்லாம் அவளுக்கு மானம் போகும்.

"இதையும் போடப்போறேன். மோதிரத்துல வைக்கிற மாதிரி வரும், பாரு."

நாலு வாரம் பொறுத்தாள். நாலு வாரம் முடிந்தும் மெஷின் நிற்கவில்லை. "இன்னும் ஒரே வாரம்" என்றார். ஏன் என்று கேட்டால் நேரம் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அங்கேதான் சண்டை பிடித்தது. செவ்வாய்க்கிழமை, "வியாழன் சாயங்காலம் நாலு பத்துக்குத் திறக்கிறேன், வந்து பாரு" என்றார். "செத்தாலும் வந்து பாக்க மாட்டேன்" என்றாள்.

புதன்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான் என்று ஆகிவிட்டது. கூடத்தில் கிடத்தியிருக்கும் அவரை எடுத்துப்போவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும். இன்று வியாழன்.

"வண்டி எத்தனை மணிக்கு தம்பி?"

"மூணு மணிக்கு அண்ணி."

"நாலேகாலுக்கு வரச் சொல்லுங்க."

"ஏன், யாராவது வரணுமா?"

"ஆமா," என்றாள். வேறு என்னதான் சொல்வாள்?

மூன்று மணிக்குள் கூடம் அந்த ஆளைத் தேடத் தொடங்கிவிட்டது. டிப்போவின் பெரிய அதிகாரி என்றார்கள் சிலர். விமானம் தாமதம் என்றார்கள் சிலர். டைம்கீப்பருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது, அவர்கள்தான் வரவேண்டும் என்று ஒரு மூலையில் பேச்சு போனது. அந்த மூலை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதற்கு நடுவில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. வந்தவர்களுக்குக் காபி போட்ட பாத்திரங்கள் மலையாகக் கிடக்க, மகள் பிளம்பரைக் கூப்பிட்டாள். குழாயைக் கழற்றிய பிளம்பர் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டியோடு வந்தார்.

"யாரும்மா சிமென்ட்டைக் கரைச்சு ஊத்தினது?"

ஆபரேட்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைக் கழுவிய கல்சேறு. வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதாகச் சத்தியம் செய்திருந்தாரே! "அவர்தான்," என்று கூடத்தைக் காட்டினாள்.

"இனிமே ஊத்த வேணாம்னு சொல்லிவைங்க," என்ற பிளம்பர், எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆபரேட்டரம்மா கணவருடைய கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். நாலு பத்துக்கு சுவிட்சை அணைத்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு வீடு அமைதியானது. அவள் கேட்டிருந்த அதே அமைதி. அவளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

மூடி அசையவில்லை. பிளம்பர்தான் ரெஞ்ச் போட்டுத் திறந்தார். "பக்கெட்ல ஊத்துங்கம்மா, பக்கெட்ல!" என்று பதறினார். சேற்றுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினாள். கறுப்பு, சிவப்பு, பச்சை. அடியில், மொச்சைக்கொட்டை அளவில், தேன் நிறத்தில் ஒன்று. டியூப் லைட் அதற்குள் முழுசாகத் தெரிந்தது.

"வந்துட்டேன். பாத்துட்டேன். போதுமா?" என்றாள் கூடத்துப் பக்கம் திரும்பி.

ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அவர் இருந்தால் திறந்த நேரத்தைக் குறித்திருப்பார். பக்கத்தைத் தேடிப் புரட்டியபோது அவருடைய கையெழுத்து கண்ணில் பட்டது.

"முதல் வாரம் முடிவு. காலை 9.05, திறந்தது. அவள் கல்லைக் காணோம். கரைந்துவிட்டது. கெட்டிக் கற்களோடு மென்மையானதைப் போடக்கூடாது என்று கையேட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. படித்தது 9.20.

9.50. கார் நிறுத்துமிடத்தில் அதே நிறத்தில் ஒன்று கிடைத்தது.

10.15. புதுக்கல் முதல் பொடியிலிருந்து வரவேண்டும். எல்லாம் மறுபடி ஆரம்பம். கூடுதலாக ஒரு வாரம். அவள் கத்துவாள். கத்தட்டும். சொல்லக் கூடாது."

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அம்மா அழுறாங்க!" என்று மகள் ஓடிவந்தாள்.

"அழட்டும், விடு. காலையிலேருந்து அடக்கி வெச்சிருந்தா," என்று நாலைந்து பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் அவள் திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டி வந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில், "4.10. திறந்தது. பார்த்தேன். நன்றாக இருக்கிறது" என்று எழுதி, பேனாவை அதில் செருகி, கூடத்தில் கிடந்தவரின் சட்டைப் பையில் வைத்தாள். தேன் நிறக் கல்லை அந்த பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைத்தாள்.

"யாரோ வரணும்னீங்களே அண்ணி?" என்றபடி கொழுந்தனார் வந்தார்.

"வந்தாச்சு."

அவர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். "இது அந்தப் பித்தப்பைக் கல்லா? இப்படி மின்னுது!"

"என்னோடதுதான்," என்றாள். "அவர் பாலிஷ் போட்டது." பாட்டிலைக் கொஞ்சம் திருப்பி, சீட்டு வெளியே தெரியும்படி வைத்தாள்.

வண்டி கிளம்பியபோது கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்திரண்டு. ஏழு நிமிஷம் தாமதம். குறித்துக்கொள்ள, மடியைத் துழாவி ஒரு பேனா தேடினாள்.