திறந்தாச்சு

கதிரவேலுக்குச் சொல்லாமல் ஒரு விசயத்தை நாற்பத்திரண்டு வருடம் வைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சல்லியிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வருகிறவன். ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் வரும்போது விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பான். பிளேன்டீ குடிப்போம், பழைய லோஞ்சுக் கதை கதைப்போம். அந்தக் கதையில் ஒரு நாளை மட்டும் நான் சுற்றிக்கொண்டு போவேன். அது தெரிந்தால் அவன் வருவது நின்றுவிடும் என்ற பயம்தான்.

லோஞ்சின் பெயர் வேண்டாம், அதோடு சம்பந்தப்பட்ட ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றி ஓடிய படகு. நானும் அவனும் எஞ்சின்காரர். மேல்தட்டில் சைக்கிள், தயிர்ச் சட்டி, கோழி, கலியாணப் பெண் எல்லாம் ஒன்றாக வரும். கீழே நாங்கள் இரண்டு பேரும் டீசல் புகையில். கொட்டியாரக் குடாவில் காற்று ஏறினால் மேலே குமட்டிச் சத்தி எடுப்பார்கள், நாங்கள் கீழே இருந்து பாட்டுப் படிப்போம். கதிரவேலுக்குக் காதுதான் கருவி. "மூண்டாவது இருமுது மச்சான்" என்பான். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர்தான். அப்படி ஒரு ஆளை நான் பிறகு காணவில்லை.

இரண்டு எஞ்சின். வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் அவனுக்கு. இரண்டையும் குளிர வைக்கக் கடல் தண்ணீர் வருவது ஒரே குழாயால், அதற்கு ஒரே வால்வு. சுற்றி வந்த தண்ணீர் லோஞ்சின் பக்கத்துக் குழாயால் வெளியே ஊற்றும். வால்வை முதலில் திறக்காமல் எஞ்சினைத் தட்டி ஓடவிடக்கூடாது. திறந்தவன் "திறந்தாச்சு" என்று கத்துவான். அதைக் கேட்டால் மற்றவன் வால்வுப் பக்கம் போகமாட்டான், நேரே எஞ்சினைத் தட்டுவான். கடைசியாக நிற்பாட்டுகிறவன் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் குழாய் மூட்டு ஒழுகி விடியும்போது முழங்கால் தண்ணீர்.

எண்பத்திரண்டில் ஒரு நாள் மூதூரிலிருந்து திரும்புகிறோம். கதிரவேல் "திறந்தாச்சு" என்று கத்தினான். இரண்டும் ஓடின. அவன் பீடி குடிக்க மேலே போனான். சிறிது நேரத்தில் என் எஞ்சினில் எண்ணெய்க் குழாய் ஒழுகியது. நிற்பாட்டினேன். அதற்கு முந்திய மாதம் முழுக்க அவனுடைய எஞ்சின் திருத்தத்தில் இருந்தது, நான் தனி எஞ்சினில் ஓட்டினேன். அப்போதெல்லாம் நிற்பாட்டினால் உடனே வால்வைப் பூட்டிப் பழகிய கை. அன்றைக்கும் பூட்டிவிட்டது. நான் ஒழுகலை அடைக்கச் செம்பு வாசர் தேடி மேலே போனேன். நடுக்கடலில் அவனுடைய எஞ்சின் தண்ணீரில்லாமல் சூடேறி, கிறீச்சிட்டு இறுகியது.

விசாரணைக்கு வந்த பெரியவர் கதிரவேலைக் கேட்டார்: "நீதானே திறந்தாச்செண்டு கத்தினது? வால்வு பூட்டிக் கிடந்தது. திறக்காமல் கத்தியிருக்கிறாய்."

"ஐயா, பக்கத்துக் குழாயால தண்ணி ஊத்தினதை மேலயிருந்து கண்டனான்."

"பீடிப் புகையைக் கண்டிருப்பாய்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கலியாணமாகி மூன்று மாதம். சொன்னால் இரண்டு பேரையும் வெளியே போடுவார்கள், அவர்களை நம்பக்கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதிரவேலை எஞ்சின் அறையிலிருந்து எடுத்து, கயிறு எறிகிற வேலைக்கு விட்டார்கள். முதல் ஒரு வருடம் "தண்ணி ஊத்தினது மச்சான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு "திறந்தனானெண்டுதான் நினைச்சனான்" என்றான். பிறகு அதையும் சொல்லுவதில்லை.

போன மாசி மாதத்து வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது என் மகள் ரிப்கா வீட்டு மண்டபத்தில் இரண்டு கம்ப்யூட்டரை விரித்து வைத்துக்கொண்டு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றுலாப் படகுக் கம்பனி ஒன்றுக்கு ஏதோ எழுதிக் கொடுக்கிறாள்.

"என்ன பிள்ளை, வாடிப்போய் இருக்கிறாய்?" என்றான் கதிரவேல்.

"புரோகிராம் ஒண்டு மாமா. என்ட கம்ப்யூட்டர்ல நாள் முழுக்க ஓடுது. படகு ஜெட்டி ஒபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா பத்து நிமிசத்துல சாகுது."

"சீ எண்டொரு பாசையில எழுதிறாளாம்," என்றேன் நான். "நான் நாய்க்குச் சொல்லுற சொல்லு. அதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள்."

"வாப்பா, சும்மா இரிங்க."

"ஒபீசில ஆரோ கை வச்சிருக்கிறான் மகள். அங்க வேலை செய்யிற அந்தக் கிருஷாந்தின்ட முழி எனக்குச் சரியாப் படேல்ல."

"அவர் பாவம், தொடவே இல்ல. நீங்க எல்லாரையும் கள்ளனெண்டுதான் பாப்பீங்க."

நாங்கள் விறாந்தைக்குப் போனோம். இரண்டாவது பிளேன்டீ வரும்போது உள்ளே மேசையில் பட்டென்று அடித்தாள். "என்ட பிழைதான்!" என்று சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். பிழையைக் கண்டுபிடித்துச் சிரிக்கிற பிள்ளை, என்னிடம் கற்றதல்ல.

"என்ன பிழை?" என்றான் கதிரவேல். அவனுக்கு எந்த மெசினென்றாலும் கேட்க வேண்டும்.

"புரோகிராமுக்குள்ள ரெண்டு பகுதி மாமா. ஒண்டு படகு எங்க நிக்குதெண்டு சொல்லும். மத்தது எஞ்சின் சூட்டைச் சொல்லும். ரெண்டுக்கும் நெட்வேர்க் வேணும். என்ட கம்ப்யூட்டர் லினக்ஸ், அதுல நெட்வேர்க் எப்பவும் திறந்துதான் கிடக்கும். ஒபீஸ்ல விண்டோஸ். அதுல புரோகிராம் தொடங்கின உடனே நாமதான் திறக்கணும், முடிஞ்சா நாமதான் பூட்டணும்."

"ரெண்டு பேருக்கும் ஒரு வால்வு," என்றான் கதிரவேல்.

"ஓம், அப்படித்தான். முதல் வாறது திறக்கும். ரெண்டாவது வாறது, ஏற்கனவே திறந்திருக்கெண்டு பாத்து சும்மா போகும். அது சரியா எழுதியிருக்கன். பூட்டுறதத்தான் யோசிக்கல்ல. முதல் பகுதி தன்ட வேலை முடிஞ்ச உடனே பூட்டிட்டுப் போகுது. மத்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. அதுக்கு நெட்வேர்க் இல்ல, செத்துப் போகுது. பாக்கிறவனுக்கு செத்ததுலதான் பிழையெண்டு தெரியும். நானும் மூணு நாளா அதுக்குள்ளதான் தேடினன்."

"அப்ப இனி?"

"எண்ணிக்கை வைக்கிறது. திறக்க வாற ஒவ்வொருத்தனும் ஒண்டு கூட்டணும், போறவன் ஒண்டு குறைக்கணும். பூச்சியத்துக்கு வந்தாத்தான் பூட்டலாம்." அவள் உள்ளே போய்விட்டாள்.

கதிரவேல் கோப்பையைக் கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை. கேற்றுக்கு வெளியே மீன் வண்டி ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"திறந்திருந்திருக்கு," என்றான். "வேலையும் செய்திருக்கு. நடுவில மற்றவன் பூட்டியிருக்கிறான்."

நான் சீனிப் போத்தலை மூடினேன்.

"திறந்தாச்செண்டு கத்த எங்களிட்ட ஒரு வழக்கம் இருந்தது, தாஹிர். பூட்டியாச்செண்டு கத்த ஒண்டும் இருக்கேல்ல."

"இல்லை."

"அண்டைக்கு உன்ர எஞ்சின் எண்ணெய் ஒழுகினது. நீ முன்னுக்கு நிப்பாட்டினாய்."

அவன் மச்சான் என்று சொல்லாமல் பெயரைச் சொன்னதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் ஒன்று வாய்வரை வந்தது. நாற்பத்திரண்டு வருடம் வைத்திருந்ததில் அது தேய்ந்து போயிருந்தது, சொல்ல வரவில்லை.

"ஓம். நான்தான் பூட்டினன். அந்த மாசம் தனிய ஓட்டின பழக்கம். மேலயிருந்து இறங்கி வரேக்கயே எனக்குத் தெரியும்."

"விசாரணையிலயும் தெரியும்?"

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசு. அவன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப நான் தண்ணியைக் கண்டது," என்றான். "என்ர கண்ணை நானே நம்பாமல் விட்டனான்டா. அதுக்குப் பிறகு ஒரு எஞ்சினுக்குக் காது குடுக்கேல்ல. கேட்டாலும் பிழையாத்தான் கேக்குமெண்டு."

எழும்பிச் செருப்பைப் போட்டான். "பிள்ளை, போயிட்டு வாறன்" என்று ரிப்காவுக்குக் குரல் கொடுத்தான்.

அடுத்த வெள்ளி வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அஸர்த் தொழுகை வரை பார்த்தேன். அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சல்லிக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருடத்தில் அவன்தான் வருவான், நான் போனது மூன்றோ நாலோ தரம். வேலி வாசலில் என்னைக் கண்டான்.

"எனக்கு மட்டும் சொன்னாக் காணாது," என்றான். "உள்ள போய் அவவுக்குச் சொல்லு."

அவன் மனைவி பத்மாசனி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அவன் கயிற்று வேலைக்கு இறங்கின நாளிலிருந்து, கவனமில்லாத மனிசனென்று அவனைப் பேசி வந்தவ. வீட்டில் விளக்கு அணைத்ததா, கிணற்று வாளி கட்டினதா, எதையும் அவன் சொன்னால் நம்பமாட்டா, தானே போய்ப் பார்ப்பா. அதை நானே கண்டிருக்கிறேன். கண்டு சிரித்தும் இருக்கிறேன்.

நான் சொன்னேன். எண்ணெய் ஒழுகினது, நான் பூட்டினது, விசாரணையில் வாய் திறக்காதது. கதிரவேல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டான். அவ கத்தியைக் கீழே வைத்தா. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா. என்னைப் பார்க்காமல் புருசனையே கனநேரம் பார்த்தா.

"தண்ணி ஊத்தினதெண்டு நீங்கள் எனக்கும் சொன்னீங்கள்தானே," என்றா.

"சொன்னனான்."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினா.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன்.