மூக்கு வழியே அரிசிம்பருப்பு

பாவாத்தாள் எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டியபோது மிக்ஸியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். வயர் பின்னால் மண்ணில் இழுபட்டு வந்தது. எதிர் வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்கண்ணா, மிக்ஸி நின்னுபோச்சுங். அவரு வெறும் வயித்தோட கெடக்கறாருங்."

நான் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது ஒரு பேச்சுக்குத்தான். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை மிக்ஸிகளுக்கும் நான்தான் பிரசவம் பார்த்திருக்கிறேன். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாலே பாதிச் சாமான்கள் பயத்தில் தானாக ஓட ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரி மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். எங்கள் வீட்டு மிக்ஸியை நான் கழற்றிப் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு அம்மிதான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவாள்.

கவிழ்த்துப் பார்த்தேன். மோட்டார் நன்றாகச் சுற்றியது, ஜார்தான் சுற்றவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் கப்ளர் பல்லெல்லாம் தேய்ந்து பொக்கை வாயாகியிருந்தது. பழைய பிஸ்கட் டின்னில் தேடி ஒரு கப்ளரை எடுத்து மாட்டினேன். ஜாரையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று பிளேடைத் திருகியபோது அடியில் ஒரு கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் ஒட்டியிருந்தன.

"கஞ்சி அடிக்கற ஜார்ல கடுகு எப்படி வந்துச்சு அம்மிணி?"

"தாளிச்சதுதானுங்."

"யாருக்கு?"

"அவருக்குத்தானுங். வேற ஆருக்கு?"

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் புருஷன் சென்னியப்பனுக்கு அப்போது சாப்பாடு மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

சென்னியப்பன் பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை வியாபாரம் செய்து, போதும் என்று எங்கள் வீதிக்கு வீடு கட்டி வந்தவர். சாப்பாட்டில் மன்னன். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த பந்திக்குப் பிறகு அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பந்திக்கு இலை போடுவார்கள். ஆனால் வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சிட்டிகை காட்டினால் உப்புப் போதவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துத் தட்டினால் உப்பு ஜாஸ்தி. கை சும்மா இருந்தால் சமையல் ஒணத்தி, நல்ல ருசி என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து பாவாத்தாள் அந்தக் கையைப் பார்த்தே வாழ்ந்தவள்.

தொண்ணூற்றாறாம் வருடம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கட்டி கொஞ்சம் கருகியது, தொண்டை முழுக்கக் கருகியது. குரல் போய் வெறும் காற்று மிஞ்சியது. விழுங்கினால் சோறு நுரையீரலுக்குள் இறங்கியது. அதனால் மூக்கில் ஒரு மெல்லிய குழாயை விட்டு வயிற்றுவரை இறக்கி, நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றித் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும். தண்ணியாக இருக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், அவ்வளவுதான் டாக்டர் சொன்னது.

பாவாத்தாள் என்ன செய்தாள் என்றால், தினமும் முழுச் சமையல் செய்தாள். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், கீரைக் கடைசல். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, சின்ன வெங்காயம் சிவந்து, கறிவேப்பிலை பொரிந்த வாசம் வீதி முழுக்க வரும். ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் காட்டுவாள். அதன் பிறகு அத்தனையையும் மிக்ஸியில் போட்டு அடித்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, மூக்குக் குழாயில் ஊற்றுவாள். ஒரு தடவை கறிவேப்பிலைத் துணுக்கு குழாயை அடைத்துக்கொண்டது. மில்லில் ஈரக்காற்று அடிக்கிற குழாய் அடைத்தால் என்ன செய்வோமோ அதையே செய்து, வெந்நீரை மெதுவாக விட்டு இழுத்து எடுத்தவன் நான். அதை நான் சொல்லிச் சொல்லி அந்தத் துணுக்கு இப்போது ஒரு முருங்கைக் கிளை அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

குழாய் மாட்டிவிட வருகிற நர்சு சபுரா எங்களுக்கு அடுத்த வீதி. டி.வி.எஸ். பிஃப்டியில் வந்து இறங்கும்போதே திட்டிக்கொண்டு வருவாள்.

"ஏக்கா, நாக்குல படாத சோத்துக்கு எதுக்குக்கா தாளிப்பு? சத்துமாவக் கரைச்சு ஊத்திப்போட்டு நீ செத்த நேரம் படுக்கக்கூடாதா?"

"உப்பில்லாத சோறு மாட்டுக்குக் கூட வெச்சதில்ல கண்ணு நானு."

சென்னியப்பன் தட்டைப் பார்க்க மாட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு தடவை குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இரண்டாம் தடவை சபுரா திரும்ப மாட்டியபோது ரத்தம் வந்தது. இனி ஒரு தரம் பிடுங்கினால் தன்னால் மாட்ட முடியாது, வயிற்றைக் கிழித்துத்தான் குழாய் வைக்க வேண்டும், அதை இந்த உடம்பு தாங்காது என்று அவள் பாவாத்தாளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் கைகள் இரண்டையும் பழைய சேலைக் கிழிசலால் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். சோறு ஊற்றும்போது மட்டும் பாவாத்தாள் வலது கையை அவிழ்த்துவிடுவாள். கட்டிப்போட்டுச் சோறு ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

கப்ளர் மாட்டிய அன்று மிக்ஸியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை கட்டியிருந்தது. ஆளே பாதியாக வற்றி, மூக்கிலிருந்து குழாய் தொங்க, தும்பிக்கை முளைத்த கொக்கு மாதிரி இருந்தார். அதை அவரிடமே சொன்னேன். நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"நாயுடு… அந்த மிக்ஸி இனி ஆகாதுன்னு சொல்லிப்போடு."

சமையலறையில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லீருவேன்" என்றேன். "அப்புறம் உம்பொண்டாட்டி ஆட்டாங்கல்லுல போட்டு ஆட்டுவா. முழங்கை போயிரும். அவளுக்கும் பக்கத்துல ஒரு கட்டில் போடோணும். பரவால்லியா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. நான் மாட்டின கப்ளர், ஏரோப்ளேன் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் தடவையாக எனக்குப் பெருமை வரவில்லை.

பாவாத்தாள் வந்தாள். வலது கையை அவிழ்த்தாள். சிரிஞ்சைக் குழாயில் செருகி ஊற்றினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சில் கால்வாசி இறங்கியிருக்கும், அவர் வயிறு குலுங்கியது. ஓர் ஏப்பம் வந்தது. சாதாரண ஏப்பமா அது? பொள்ளாச்சிச் சந்தையில் விலை படியாத எருமை கூட அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. கூடவே அவர் கை விருட்டென்று முகத்துக்கு நேராக எழும்பியது.

குழாயைத்தான் பிடுங்கப் போகிறார் என்று நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். பாவாத்தாள் ஒரு கையில் சிரிஞ்சோடு இன்னொரு கையால் குழாயை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே நின்றோம். அப்புறம்தான் அவர் விரல்களைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிட்டிகை.

"அண்ணா, கைய உடுங்" என்றாள் பாவாத்தாள்.

விட்டேன். அந்தச் சிட்டிகை அங்கேயே நின்றது. அவர் கண் நேராக அவளைப் பார்த்தது.

"உப்புங்களா?" அவள் சிரிஞ்சைப் பார்த்தாள். "மிக்ஸி நின்னுபோன பதட்டத்துல… ஐயோ, உப்புப் போடவே இல்லீங் நானு."

ஏப்பத்தோடு ருசி மேலே வந்திருக்கிறது. அவருக்கும் அது அதுவரை தெரியாது. அவள் ஓடிப்போய் மீதிக் கஞ்சியில் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். ஊற்றினாள். நாங்கள் காத்திருந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல ஏப்பத்துக்குக் காத்திருந்தோம். வந்தது. அவர் கை மார்பின் மேல் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகு கையைக் கட்டவில்லை. பாவாத்தாள் ஆடாத ஆட்டமில்லை. மருந்துச் சாமான் அரைத்த செலவு ரசம், பச்சைப்புளி ரசம், ஒரு நோம்பி நாளில் ஒப்புட்டுப் போளியைப் பாலில் அடித்துக் கரைத்துக் கூட ஊற்றினாள். சபுரா தூக்குப்போசியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். உள்ளங்கை கவிழ்ந்து தட்டியது. "இத்தன வருசத்துல எங்கூட்டுல ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல, இவரு மூக்குல குடிச்சுப்போட்டுச் சொல்றாரு" என்று அவள் சண்டைக்கு நின்றாள். நான் காந்திபுரம் போய்க் கப்ளர் வாங்கி வாங்கி மாட்டினேன். கடைக்காரன், நீங்கள் மிக்ஸியில் ஜல்லி உடைக்கிறீர்களா என்று கேட்டான். அந்த நாட்களில் சென்னியப்பன் விட்ட ஏப்பத்துக்குக் கவுண்டம்பாளையத்தில் பஸ் நின்று ஆள் இறங்கிப் பார்த்தார்கள் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம். கட்டில் சட்டத்தில் வெறுமனே தொங்கிய அந்தச் சேலைக் கிழிசலை மட்டும் நம்பினால் போதும்.

மழைக்காலம் தொடங்கியபோது ஏப்பம் குறைந்தது. கட்டி உள்ளுக்குள் திரும்ப வளர்ந்திருந்தது. பாவாத்தாள் குழந்தைக்குத் தட்டுவது போல முதுகில் தட்டிப் பார்த்தாள். சீரகத் தண்ணீர் ஊற்றினாள். கோலி சோடாவைக் காற்றுப் போவதற்குள் கொஞ்சமாக ஊற்றினாள். சில நாள் வந்தது, சில நாள் இல்லை. வந்தபோதும் அவர் கை சும்மா கிடந்தது. ருசி சரி என்று அர்த்தமா, ருசியே மேலே வரவில்லை என்று அர்த்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒணத்தி என்று அவர் சொல்லும் விதமும் ஒன்றுமே சொல்லாத விதமும் ஒன்றாகவே இருந்து தொலைத்தது.

ஒரு நாள் சபுரா அவர் காலைப் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல் அழுத்திய இடம் குழியாகி அப்படியே நின்றது. முகமும் ஊதியிருந்தது. அது சதை பிடிக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ரத்தக்கொதிப்புப் பார்க்கிற பட்டையைச் சுற்றி ஊதிப் பார்த்துவிட்டு எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அக்கா, உப்பு எவ்வளவுக்கா போடறே?"

பாவாத்தாள் உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுக்கா."

"கையத் தட்டுவாருன்னு பாத்தேன் கண்ணு. ஜாஸ்தின்னு சொல்லட்டுமேன்னு… நாளுக்கு நாள் கொஞ்சங் கூட்டிப் போட்டேன். அவரு தட்டவே இல்ல."

சபுரா அன்றைக்குத் திட்டவில்லை. இனி ஒரு கல் உப்புக் கூடாது, நீர் மூச்சுக்கு ஏறிவிடும் என்று மட்டும் சொன்னாள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை மிதிக்காமல் வீதி முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.

மறுநாள் மதியம் பாவாத்தாள் என்னை வரச் சொன்னாள். அரிசிம்பருப்பு செய்திருந்தாள். வெங்காயம், தக்காளி, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, எல்லாம் உண்டு, உப்பு மட்டும் இல்லை. தட்டில் போட்டு அவர் முன்னால் காட்டினாள். அவர் கண் பாதி திறந்திருந்தது. மிக்ஸியை ஓட்டினாள், பிழிந்தாள், ஊற்றினாள். சிரிஞ்சில் அது இறங்குவதை மூன்று பேரும் பார்த்தோம், அவர் பார்த்ததாக நான் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

"நாயுடு வந்திருக்கறாருங்" என்று அவர் காதில் சொன்னாள். "இன்னைக்கு உப்பில்லீங். நீங்களே சொல்லிப்போடுங்."

சிரிப்புக் காட்ட வேண்டும் என்று என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தக் காத்தாடிய அமத்துங்கண்ணா. இந்தச் சத்தத்துல ஏப்பம் கேக்காது."

அமர்த்தினேன். இறக்கைகள் கடகடவென்று மெதுவாகிக் கடைசியில் நின்றன. வெளியே மழை பிடித்திருந்தது. மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று தண்ணீரை அடித்துக்கொண்டு போனது. பாவாத்தாள் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள், மூடியைத் திறந்தாள். ஒரு கையை அதற்குள் விட்டபடி, இன்னொரு கையை அவர் வயிற்றில் வைத்தபடி, குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். போர்வை மேல் அவருடைய வலது கை கிடந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கல் உப்பு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த இரண்டு விரலும் சேருமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.