முதல் பக்கத்தில் ஒரு சுகி கேக்

ரோனி என்ன வேலை பார்க்கிறான் என்பது சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத்தில் அவனை அறிந்த யாருக்கும் சரியாகத் தெரியாது. கணினி ரிப்பேர் என்று அவன் மாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். பங்குக் கோயிலில் புரொஜெக்டர் எரியாவிட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் போய் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிவிட்டு, ஏதோ பெரிய வேலை செய்தவன் போல வேர்வையைத் துடைத்துக்கொண்டு வருவான்.

அவன் உண்மையான தொழில் வேறு. கைபேசியில் யாராவது 'மீன் தொட்டி' என்றோ 'லிஃப்ட் ரிப்பேர்' என்றோ தேடினால், தன் வாடிக்கையாளரின் இணையத்தளம் முதல் பக்கத்தில் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வான். "செகண்ட் பேஜுக்குப் போனவன் எவனும் திரும்பி வந்து கதை சொன்னதில்ல" என்பான். லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் அவன் அலுவலகம் இருந்தது. அங்கே காய்ந்த மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அடுத்தவர் கடைகளை முதல் பக்கத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய சொந்தத் தளம் நான்காம் பக்கத்தில் கிடந்தது. அதைப் பற்றி அவன் பேசுவதில்லை.

அவன் மனைவி ஜெனிவீவ் வீட்டிலேயே சுகி கேக் சுட்டு விற்றாள். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாமும் முட்டை மஞ்சள் கருவும் ஒரு மூடி பிராந்தியும் சேர்த்துச் சுடுகிற கேக். கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்லாமல் வருஷம் முழுக்க ஆர்டர் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று ரோனி கேட்டதில்லை. தன் கேக்கின் ருசியால் வருகிறது என்று அவள் நினைத்தாள். மனைவியின் அதிர்ஷ்டத்தால் வருகிறது என்று அவன் நினைத்தான்.

அவளுக்கும் ஓர் இணையத்தளம் இருந்தது. இலவசமாகக் கிடைத்த ஏதோ ஓர் அமைப்பில் அவளே செய்தது. ரோஸ் நிறப் பின்னணி, ஓரத்தில் ரிப்பன். கல்யாண நாள் நெருங்கியபோது அதைப் புதுப்பித்துத் தருவதே தன் பரிசு என்று ரோனி அறிவித்தான்.

"அது நல்லாத்தானே லா இருக்கு. நீ ஏன் தொடுற?" என்றாள் ஜெனிவீவ். இருவரும் மறைக்கல்வி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். நீங்க, வாங்க எல்லாம் விருந்தாளிகள் முன்னால் மட்டும்தான்.

"பார்த்தா ஞானஸ்நான இன்விடேஷன் மாதிரி இருக்கு ஜென். புருஷன் இந்த லைன்ல இருக்கான், பொண்டாட்டி சைட் இப்படி இருந்தா எனக்குத்தான் அசிங்கம்."

"அப்போ பரிசு எனக்கில்ல, உனக்குன்னு சொல்லு."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஆர்வத்தோடு வேலையில் இறங்கிவிட்டான்.

பிறர் தளத்தைத் தொடுமுன் முழு நகல் எடுத்து வைப்பது ரோனியின் தொழில் ஒழுக்கம். இது மனைவியின் தளம்தானே என்று ஒழுக்கத்துக்கு அன்று விடுமுறை கொடுத்தான். ரோஸ் போனது, கறுப்பு வந்தது. முகப்பில் ஒரு பாத்திரத்தில் வெண்ணெய் மெல்ல உருகும் வீடியோ வைத்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளிப்படுவதுபோல் வந்தன. அலுவலகத்தின் வேகமான இணைப்பில் அது அற்புதமாக இருந்தது. ரயிலில் போகிறவர் கைபேசியில் செம்பவாங்கில் திறந்தால் அடுத்த வட்டாரமான ஈசூன் வந்த பிறகுதான் வெண்ணெய் உருகவே தொடங்கும் என்பதை அவன் சோதித்துப் பார்க்கவில்லை.

பழைய தளத்தில் ஒரு பக்கம் அவனை மிகவும் கூச வைத்தது. 'கேக் ஏன் நடுவில் குழிந்தது?' என்று அதற்குத் தலைப்பு. ஜெனிவீவ் கெடுத்துக்கொண்ட கேக்குகளின் படங்களை எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தாள். ஒன்று நடுவில் குளம் வெட்டியது போல் இருந்தது. ஒன்று கார்ப்பார்க் தரை போல வெடித்திருந்தது. இன்னொன்றை என்னவென்றே சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன தப்பு நடந்தது என்று எழுதியிருந்தாள்: ரவை ஊற நேரம் கொடுக்கவில்லை, முட்டையை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்தவுடன் உடைத்துவிட்டேன், வாசல் மணி அடித்ததும் அவசரத்தில் ஓவனைத் திறந்து பார்த்துவிட்டேன்.

கேக் விற்கிறவள் யாராவது கெட்டுப்போன கேக்கைக் காட்டுவாளா? ரோனி அந்தப் பக்கத்தைப் படங்களோடு சேர்த்து அழித்தான். அவளிடம் கேட்கவில்லை. புதுத் தளத்தைப் பார்த்து அவன் நண்பர்கள் எல்லாம் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். ஜெனிவீவும் பார்த்தாள். "வெண்ணெய் ரொம்ப அழகா உருகுது" என்றாள்.

அதன்பிறகு அவள் கைபேசி மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டது.

முதலில் பள்ளி விடுமுறை என்று நினைத்தார்கள். விடுமுறை முடிந்தது, ஆர்டர் வரவில்லை. "தேடுபொறிக்குப் புது சைட் பழகணும். கொஞ்சம் டைம் கொடு" என்றான் ரோனி. டாக்டர் நோயாளியிடம் பேசும் குரலில் சொன்னான். அந்தக் குரலில் பேசினால் வாடிக்கையாளர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவன் அனுபவம்.

அடுத்த மருந்தாக இணைப்புகளைத் தேடிப் போனான். ஒரு தளத்தைப் பல நல்ல தளங்கள் சுட்டிக்காட்டினால் தேடுபொறி அதை மதிக்கும். பத்துப் பேர் ஒரு கடைக்கு வழி சொன்னால் பதினோராவது ஆளும் நம்புவான் அல்லவா, அதுபோல. தான் உதவிய வாடிக்கையாளர்களிடமெல்லாம் கெஞ்சினான். ஆகவே லிஃப்ட் ரிப்பேர் செய்யும் நிறுவனத்தின் தளத்தில், அவசரத் தொடர்பு எண்ணுக்குக் கீழே, 'சிங்கப்பூரின் தலைசிறந்த சுகி கேக்' என்று ஒரு வரி முளைத்தது. மீன் தொட்டிக் கடையில், தங்கமீன் உணவுக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில் அதே வரி நின்றது. சம்பந்தமில்லாத இடத்தில் இணைப்பு வாங்காதீர்கள், தேடுபொறிக்கு அது நாடகம் என்று தெரிந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரும் கேக் கேட்டு அழைக்கவில்லை. ஜெனிவீவின் தளம் ஏழாம் பக்கத்துக்கு நகர்ந்தது.

இதற்குள் ஜெனிவீவ் தன் முடிவுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது மேசையில் மூன்று சின்ன கேக்குகள் இருந்தன.

"இதுல சர்க்கரை கம்மி. இதுல பிராந்தி இல்ல. இது பாதாமுக்குப் பதிலா முந்திரி. எது நல்லா இருக்கு?"

"ஏன், பழசுக்கு என்ன?"

"பழசு யாருக்கும் பிடிக்கல போலிருக்கு. சைட் இவ்வளவு அழகா இருந்தும் ஆர்டர் வரலைன்னா கேக்லதானே கோளாறு?"

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். ரோனிக்கு இன்னும் முழு உண்மை தெரியாது. ஆனால் கோளாறு கேக்கில் இல்லை என்கிற அளவுக்குத் தெரியும். அவன் முந்திரி கேக்கை வாயில் போட்டு, கண்ணை மூடி, "இது பரவால்ல" என்றான். அவள் முகம் சற்றுத் தெளிந்ததைப் பார்த்து, தான் ஆறுதல் சொல்லிவிட்டதாகவும் எண்ணிக்கொண்டான்.

அந்த வாரம் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தின் மாடியில் அவன் பேச வேண்டியிருந்தது. கடைக்காரர்களுக்கு இணையத்தைப் பற்றி இலவசமாகப் பேசுவான். அவர்களில் ஓரிருவர் வாடிக்கையாளராக மாறுவார்கள் என்பது கணக்கு. டீயும் வடையும் சுற்றி வந்தன. நகைக்கடை, தையல் கடை, பயண நிறுவனம் என்று பலரும் வந்திருந்தார்கள். உதாரணம் காட்டுவதற்காக ரோனி மனைவியின் தளத்தைத் திரையில் போட்டான். வெண்ணெய் உருகியது. யாரோ "ஷியோக்" என்று நாக்கைச் சப்புக்கொட்டிப் பாராட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். மோகனப்பிரியா என்று பெயர் சொன்னாள். சமூக மன்றத்தில் கேக் வகுப்பு எடுக்கிறவள்.

"சார், இந்த சைட்ல முன்னாடி ஒரு பேஜ் இருந்துச்சே, குழிஞ்சு போன கேக் படமெல்லாம் போட்டு? அதை வச்சுத்தான் நான் கிளாஸே எடுப்பேன். என் கிளாஸ் சைட்ல அதுக்கு லிங்க் கொடுத்திருக்கேன். இப்போ ஸ்டூடன்ட்ஸ் அமுக்கினா 'பேஜ் நாட் ஃபவுண்ட்'னு வருது."

"ஓ" என்றான் ரோனி.

"எனக்கு மட்டும் இல்ல சார். பேக்கிங் பண்ற நிறைய பேர் அந்த பேஜைத்தான் ஷேர் பண்ணுவாங்க. அதைப் பார்த்துட்டு, நமக்கு வராதுன்னு கேக்கை அவங்ககிட்டயே ஆர்டர் பண்ணிடுவாங்க." அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். "அது எங்க போச்சு?"

"பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்ற அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவினான். அவனே தயாரித்த படம்தான். பெரிய எழுத்தில் இருந்தது: 'தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களைத் தொலைக்காதீர்கள்.' கீழே ஒரு பூட்டிய கடையின் படம். கடையை இடம் மாற்றுகிறவர் பழைய கதவில் புது விலாசம் எழுதி ஒட்டாவிட்டால், தேடி வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று அவன் வழக்கமாக அந்தப் படத்தைக் காட்டி ரசித்து விளக்குவான். அன்றும் விளக்கினான். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. மோகனப்பிரியா திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வடையை எடுத்துக்கொண்டாள். அதற்காக அவளுக்கு வாழ்நாள் முழுதும் நன்றியுடன் இருக்கலாம் என்று ரோனிக்குத் தோன்றியது.

வீடு திரும்பும் ரயிலில், அந்தப் பழைய பக்கத்தை யாரெல்லாம் சுட்டியிருந்தார்கள் என்று பார்த்தான். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. வாடிக்கையாளர்களிடம் இதற்கென்றே தனிக் கட்டணம் வாங்குகிறவன். பினாங்கில் ஒரு பேக்கரிக்காரி, பெர்த்தில் குடியேறிய ஒரு யூரேசியக் குடும்பம், ஒரு பள்ளியின் சமையல் பாடப் பக்கம், அம்மாக்கள் பேசிக்கொள்ளும் அரட்டைக் குழுக்கள். யாரும் யாரிடமும் கெஞ்சி வாங்காத இணைப்புகள். எல்லாம் இப்போது பூட்டிய கதவைச் சுட்டிக்கொண்டிருந்தன.

சத்தமில்லாமல் பக்கத்தைத் திரும்பப் போட்டுவிடலாம் என்பதுதான் அவன் முதல் திட்டம். எழுத்தை எங்கிருந்தாவது மீட்கலாம். படங்கள்? அவை ஜெனிவீவின் கைபேசியில்தான் இருக்கும். ரயில் ஆங் மோ கியோ நிலையத்துக்கு வருவதற்குள் திட்டம் செத்துப்போனது.

அவள் அடுப்படியில் ரவையைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஜென், அந்தக் குழிஞ்ச கேக் படமெல்லாம் இன்னும் வச்சிருக்கியா?"

"எதுக்கு?"

"அந்தப் பேஜைத் திரும்பப் போடணும்."

"திரும்பவா? அது அங்கதானே இருக்கு?"

அவன் சொன்னான். பக்கத்தை எடுத்ததை, கேட்காமல் எடுத்ததை, ஊர் முழுக்க அதைத்தான் பார்த்து அவளிடம் வந்ததை, லிஃப்ட் கம்பெனியை. லிஃப்ட் கம்பெனி வரும்போது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

"நான் சர்க்கரையைக் குறைச்சேன் ரோனி" என்றாள். "என் மம்மி செய்ற கேக். அதுல நான் முந்திரி போட்டேன். நீ அதைச் சாப்பிட்டுட்டு 'பரவால்ல'ன்னு சொன்ன."

"தெரியும்."

"அது பரவால்லயா?"

"இல்ல. ரொம்ப மோசமா இருந்துச்சு."

அவள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். வராந்தாவில், துணி காயும் கம்புகளுக்குப் பக்கத்தில், யாருடனோ போனில் பேசுவது கேட்டது. ரோனி மீதி ரவையைச் சலித்தான். அதையாவது தப்பில்லாமல் செய்ய முடிகிறதா என்று பார்த்தான். பாதி தரையில் சிந்தியது. திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள், துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தாள், தன் கைபேசியை மேசையில் வைத்தாள்.

"படம் எல்லாம் இதுல இருக்கு. பேஜ் எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும். எழுத்தைத் திருத்தாத. அப்புறம் அந்த வெண்ணெயை எடு."

"வெண்ணெய் அழகா உருகுதுன்னு சொன்னியே?"

"கல்யாண நாள் லா. வேற என்ன சொல்வாங்க?"

வெண்ணெய் போனது. கறுப்பு போனது. ரோஸ் மட்டும் வேண்டாம் என்று மன்றாடி, இளமஞ்சளில் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பழைய முகவரிக்கு வருகிறவர்களை நேரே அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டான். லிஃப்ட் நிறுவனத்துக்கும் மீன் தொட்டிக் கடைக்கும் போன் போட்டு, கெஞ்சி வாங்கிய வரிகளைக் கெஞ்சியே எடுக்க வைத்தான். மீன் தொட்டிக்காரர் எடுக்க மறுத்தார். அதற்குள் அவருக்கு கேக் பிடித்துவிட்டிருந்தது.

ஆர்டர்கள் உடனே வரவில்லை. தேடுபொறிக்கு ரோஷம் அதிகம். முதலில் சமூக மன்ற வகுப்பிலிருந்து ஒன்று வந்தது, பிறகு தெரியாத பெயர்களிலிருந்து. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் பிறந்தபோது ஜெனிவீவுக்கு இரண்டாவது ஓவன் தேவைப்பட்டது. அவள் ரோனியிடம் முன்புபோல் பேசத் தொடங்கியது அதற்குச் சற்று முன்னால்தான். சர்க்கரையும் பிராந்தியும் பழைய அளவுக்குத் திரும்பின.

புது வருஷத்தில் ரோனி மறுபடியும் அதே மாடியில் பேசினான். இந்த முறை கதை ஒன்று சேர்த்திருந்தான்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு லேடி, கேக் பிசினஸ். அவங்க வீட்டுக்காரர் ரொம்ப விவரம்னு நெனச்சுக்கிட்டு, அவங்ககிட்ட கேட்காம, சைட்லயே ரொம்ப முக்கியமான பேஜைத் தூக்கிட்டாரு…"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கேக் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்த ஜெனிவீவ் போகாமல் நின்றிருந்தாள். விருந்தாளிகள் முன்னால் என்பதால் மரியாதையாகவே கேட்டாள்.

"அந்த வீட்டுக்காரர் பேரு என்னங்க?"

ரோனி தண்ணீரைக் குடித்தான். "ரோனி" என்றான்.

மாடி அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து பூமாலைக் கடை நடேசன் கையை உயர்த்தினார்.

"அது இருக்கட்டும் தம்பி. 'மாலை'ன்னு தேடினா, இன்னிக்கு மாலை மழை பெய்யுமான்னு காட்டுது. என் கடை எங்க?"

ரோனி தேடினான். முதல் பக்கத்தில் மழை. இரண்டாம் பக்கத்தில் மாலைத் தொழுகை நேரம். அதற்குமேல் போகவில்லை, கணினியை மூடினான்.

"அண்ணே, கடைக்கு வர்றவங்க உங்ககிட்ட அடிக்கடி என்ன கேப்பாங்க?"

நடேசன் யோசித்தார். "விலையைக் குறைக்கச் சொல்லிக் கேப்பாங்க."

"அதைத் தவிர?" என்று கேட்டு, ரோனி ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.