ஆறுக்கும் இரண்டுக்கும் நடுவில்

சிங்காநல்லூரில் திருமூர்த்தியின் பட்டறைக்கு அந்த இத்தாலிய வண்டி வந்து சேர்ந்தபோது அதில் பதினோரு சிலிண்டர்கள் இருந்தன. பன்னிரண்டாவது வந்துகொண்டிருந்தது.

வண்டியின் பெயர் வால்டேசி. 1962இல் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். நிறம் சிவப்பு. அந்தக் காலத்துப் பந்தயங்களில் நாட்டுக்கொரு நிறம் என்று பங்கு வைத்திருந்தார்கள். இத்தாலிக்குச் சிவப்பு விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் மாற்றிக் கேட்கவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஹேமலதா அம்மாள். ரேஸ்கோர்ஸில் குடியிருந்தார். பஞ்சாலைக் குடும்பம். அவருடைய மாமனார் கப்பலில் வரவழைத்த வண்டி அது.

"பன்னெண்டு இருக்கணுமுங்களே அம்மா," என்றான் திருமூர்த்தி.

"ஒன்னு வந்துட்டிருக்குதுங்க. கிளம்பிருச்சுன்னு லெட்டர் வந்துச்சு."

"எப்பக் கிளம்புச்சுங்க?"

"அறுவத்திரண்டுல."

திருமூர்த்தி தலையாட்டினான். வெளிநாட்டுச் சாமான் என்றால் தாமதமாகத்தான் செய்யும்.

பானெட்டைத் திறந்தான். ஆறு சிலிண்டர் இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம், நடுவில் அறுபது பாகைச் சாய்வு. இரண்டு வரிசைக்கும் இடையே ஆறு கார்பரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். எல்லாம் சரியாக இருந்தது. வலது வரிசையின் கடைசியில் மட்டும் துளை இல்லை. அங்கே வழவழப்பான அலுமினியம் இருந்தது. அதற்கான பிளக் ஒயர் காற்றில் தொங்கியது. தொட்டுப் பார்த்தான். உள்ளங்கைச் சூடு.

கோயம்புத்தூர் ஜில்லாவில் கார்பரேட்டருக்குத் திருமூர்த்தியை விட்டால் ஆளில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கமாட்டான். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறு முனையை ஒவ்வொரு வாயாகப் பிடித்துக் காற்று உள்ளே போகும் சத்தத்தைக் கேட்பான். எல்லா வாயும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை திருகுவான்.

இஞ்சினை ஓட விட்டான். அது வெடிக்க வேண்டிய வரிசை அவனுக்கு மனப்பாடம். ஒன்று, ஏழு, ஐந்து, பதினொன்று, மூன்று, ஒன்பது, ஆறு, பன்னிரண்டு, இரண்டு, எட்டு, நான்கு, பத்து. ஆறுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. சின்ன இடைவெளி. அதில் அவன் காதை வைத்தான். சத்தம் இல்லாத இடம் போலத் தோன்றவில்லை. யாரோ பேச வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்ட இடம் போலத் தோன்றியது.

அவன் மனைவி மரகதம் அதே பட்டறையில் சீட் தைப்பவள். வளைந்த ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் அவளுடைய ஆயுதங்கள். பழைய வண்டிகளின் தோல் சீட்டைத் தொட்டுப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்லுவாள். அன்று காலை பத்தரை மணிக்கு அவள் இடது கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். ஓட்டுநர் சீட்டில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது.

"மாமா, ஒரு சாண் தைக்கோணும். அஞ்சு நிமிசம்."

"இஞ்சின் ஓடிட்டிருக்குது புள்ள."

"ஓடட்டும். எனக்கென்ன?"

அவன் கார்பரேட்டர்களில் மூழ்கிவிட்டான். நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு. மரகதம் வெளியே வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தான். தண்ணீருக்கு அக்வா என்றும் எண்ணெய்க்கு ஓலியோ என்றும் எழுதிய மீட்டர்கள் இருந்தன. சீட் இருந்தது. அதன் மேல் தையல் ஓடிக்கொண்டே போனது. அதன் கடைசியில், ரொம்ப தூரத்தில், மரகதம் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டைவிரல் உயரம் இருந்தாள்.

"மரகதம்!"

அவள் நிமிரவில்லை. அவன் பத்து எண்ணிய பிறகு நிமிர்ந்தாள்.

"என்னுங் மாமா?" குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

"வா, சாப்பிடலாம்."

மறுபடி பத்து எண்ணினான். "தையல் முடியமாட்டேங்குது. இழுக்க இழுக்க வருது."

அவன் டேப் எடுத்து வண்டியை வெளியே அளந்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டாயிரத்து நானூறு மில்லிமீட்டர். புத்தகத்தில் உள்ள அளவு. உள்ளே டேப்பை நீட்டினான். ஐந்து மீட்டர் டேப் முழுக்க ஓடித் தீர்ந்தது. அதன் முனை எதிலும் முட்டவில்லை.

டிபன் கேரியரைச் சீட்டில் வைத்துத் தள்ளிவிட்டான். அது தோலின் மேல் சறுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு மணி நேரம் கழித்துக் காலியாகத் திரும்பி வந்தது. நன்றாகக் கழுவியிருந்தது. அடுக்குகளில் தண்ணீர் சொட்டியது.

தண்ணீர் எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. பதிலை நினைத்தால் பயமாக இருந்தது.

சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தக் கை போனது. அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் கனைத்தார்.

வந்தவர் வெளுத்த கோட் போட்டிருந்தார். வால்டேசி வண்டிகளின் பதிவேட்டு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் பெல்லோனி. வண்டியின் எண்களைச் சரிபார்க்கும் உத்தியோகம். மோதெனாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பேசியது சூலூர்த் தமிழ்.

"நிறுத்தீராதீங்க," என்றார். "உள்ள ஆள் இருக்குதுங்களா?"

"என்ற சம்சாரம்."

"இஞ்சின் நின்னா அவங்க எங்க இருக்கறாங்களோ அங்கயே நின்னுருவாங்க. பொலோன்யாவுல ஒரு பேங்க் மேனேஜர் அப்படித்தான் நின்னாரு. இன்னும் கையைத் தூக்கின மேனிக்கே இருக்கறாருங்க. நல்ல மனுசன்."

திருமூர்த்தி சாவியிலிருந்து கையை எடுத்தான். கேனில் இருந்த பெட்ரோலை டாங்கில் ஊற்றினான். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"இது எதனாலங்க இப்படி?"

பெல்லோனி முட்டி போட்டு உட்கார்ந்து வண்டியின் அடிச்சட்டத்தில் எண்ணைத் தேடினார். தேடிக்கொண்டே சொன்னார். "அந்தக் காலத்துல பாடிக்கு வரைபடம் கிடையாதுங்க. மரத்துல ஒரு உருவம் செஞ்சு வெச்சுக்கிட்டு, அது மேல அலுமினியத் தகட்டைப் போட்டுச் சுத்தியல்ல தட்டுவாங்க. கண்ணுதான் அளவு. வெளிப்பக்கத்தைத் தட்டுனாங்க. உள்பக்கத்தை யாரும் தட்டுலீங்க."

"அப்ப உள்ள எவ்வளவு நீளம்?"

"தட்டாததுக்கு அளவு ஏதுங்க?"

எண் கிடைத்தது. அடிச்சட்டம் 1217. இஞ்சின் 1217. கியர் பெட்டி 1217. அவருக்குத் திருப்தி. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"உள்ள இருக்கறவங்க பேரு?"

"மரகதம்."

"வெளிய இருக்கறவங்க பேரு?"

"திருமூர்த்தி."

"வெளிய இருக்கறீங்கங்கறதுக்கு ஆதாரம்?"

திருமூர்த்தி டிரைவிங் லைசென்ஸைக் காட்டினான். பெல்லோனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உள்ள இருக்கறவங்களுக்குக் குடுக்கறதுங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு இஞ்சின் பக்கம் வந்து பன்னிரண்டாவது சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தட்டினார். "இங்கதான் நீளுது. ஆறு வெடிக்குது. இரண்டு வெடிக்குது. நடுவுல காலியா இருக்குது. ஒவ்வொரு தடவையும் அந்தக் காலி வண்டிக்குள்ள போய்ச் சேருது. ஒரு சுத்துக்கு ஒரு விரக்கடை."

"சிலிண்டர் எப்ப வருமுங்க?"

"ஏடன்ல கப்பல் மாறுச்சு. அதுக்கப்புறம் தகவல் இல்லீங்க." படிவத்தை மடித்தார். "யாராவது அந்த நேரத்துல ஒரு சத்தம் குடுத்தாப் போதும். சரியான நேரத்துல. பிந்தவும் கூடாது, முந்தவும் கூடாது."

அதைச் சொல்லிவிட்டு அவர் வாசலைத் தாண்டிப் போனார். நிழல் சிறிது நேரம் பட்டறையிலேயே இருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

திருமூர்த்தி ஐடில் திருகுகளைப் பின்னுக்குத் திருகினான். இஞ்சின் மெதுவானது. எந்த இஞ்சினும் அணைந்துபோகும் வேகத்துக்கும் கீழே போனது. இது அணையவில்லை. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்டது. பதினோரு சொல், பிறகு ஒரு இடைவெளி. பதினோரு சொல், ஒரு இடைவெளி. எதையோ நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்து, கேட்பவர் இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல் நின்றது.

திருமூர்த்தி, "ம்," என்றான்.

வண்டி சிறிது அதிர்ந்தது. சீட்டின் தோலில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது.

அடுத்த இடைவெளியில் மறுபடி, "ம்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை. மூன்று மணி ஆயிற்று. நான்கு மணி ஆயிற்று. தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க நேரமில்லை. ஒருமுறை கொட்டாவி வந்து ஒரு "ம்" தவறியது. உள்ளே வெகு தூரத்தில் மரகதம் தடுமாறிக் கீழே உட்காருவது தெரிந்தது. அதன் பிறகு அவன் கொட்டாவியே விடவில்லை.

அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். தைத்த நூலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கட்டைவிரல் உயரம் முழங்கை உயரமாயிற்று. முகம் தெரிந்தது. கைகளைப் பார்த்து ஒவ்வொரு தையலாக எண்ணிக்கொண்டு வந்தாள். ஐந்தே முக்காலுக்கு இடது கதவு திறந்தது. மரகதம் இறங்கினாள். செருப்பு தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. புடவை முந்தானை ஈரமாக இருந்தது.

"முடிஞ்சுதுங் மாமா," என்றாள். "ஒரு சாண்தான்."

"ம்," என்றான்.

"உள்ள யாரோ இருக்கறாங்க. முன்னப்பின்ன பாத்ததில்லை. நான் தைக்கத் தைக்க அங்கிட்டு ஒருத்தரு பிரிச்சுட்டே இருந்தாரு."

"ம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "போதும், நிறுத்துங்க. நான்தான் வந்துட்டேனே."

அவன் தலையாட்டினான். வாயை இறுக மூடினான். இடைவெளி வந்தது. மூடிய வாய்க்குள்ளிருந்து, "ம்," வந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. அது வெடித்தது. மரகதம் அவன் மார்பில் கை வைத்தாள். சட்டெனக் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

ஆறு மணிக்கு ஹேமலதா அம்மாள் வந்தார். பட்டறை வாசலிலேயே நின்று இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். கண்கள் கலங்கின.

"பன்னெண்டும் பாடுதுங்களே! எப்ப வந்து சேந்துச்சு?"

திருமூர்த்தி, "ம்," என்றான். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ரொம்ப மெதுவாக ஓடுகிறதே என்று திருகுகளைப் பழைய இடத்துக்குத் திருப்பச் சொன்னார். திருமூர்த்தி திருப்பினான். அவன் விரல்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, தையலைத் தடவிப் பார்த்துச் சிரித்து, கிளட்சை விட்டார். வால்டேசி திருச்சி சாலையில் ஏறிப் போயிற்று.

அது போகப் போக அவன் "ம்" நெருங்கி வந்தது. இரண்டாவது கியரில் அவனால் மூச்சு வாங்க முடிந்தது. மூன்றாவதில் முடியவில்லை. நான்காவதில் எல்லா "ம்"மும் ஒட்டிக்கொண்டு ஒரே நாதமாயிற்று. ஆலமரத்து வண்டுக் கூட்டம்போல அவன் மூடிய வாயோடு இரைந்துகொண்டிருந்தான். முக்காலி தரையில் நகர்ந்தது. மேசைமேல் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதின.

மரகதம் ஈரத்துணியை அவன் நெற்றியில் போட்டாள். ஆவி பறந்தது. வேறு துணி போட்டாள்.

சில நேரம் நாதம் தணிந்து தனித்தனி "ம்"களாக உதிரும். எங்கோ சிக்னலில் வண்டி நிற்கிறது என்று அவளுக்குப் புரியும். அந்த நேரங்களில் அவசரமாகப் பேசினாள்.

"வலிக்குதுங்களா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"பயமா இருக்குதுங்களா?"

அவன் அவள் விரலைப் பிடித்தான். ஊசி தேய்த்துத் தேய்த்துக் காய்ப்புக் கட்டிய விரல். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது.

ஏழு மணிக்குள் செல்போன் அடித்தது. மரகதம் எடுத்தாள். பின்னணியில் பன்னிரண்டு சிலிண்டரும் ஒழுங்காக ஓடும் சத்தம். அதே சத்தம் அவளுக்கு அடுத்திருந்த முக்காலியிலிருந்தும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் முடியளவு இடைவெளியும் இல்லை.

"மரகதம், வீட்டுக்கு வந்துட்டேன்," என்றார் ஹேமலதா அம்மாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஷெட்டுக்குள்ள விட்டாச்சு. திருமூர்த்திகிட்டச் சொல்லிரு. சாவியைத் திருப்பி அணைச்சரட்டுமா?"

மரகதம் கணவனைப் பார்த்தாள். அவனும் கேட்டிருந்தான். இருவரும் ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தவர்கள். ஒருவர் கண்ணை ஒருவர் படிக்க அதிக நேரம் ஆகாது.

"அணைச்சராதீங்கம்மா," என்றாள் மரகதம். "புது வேலை. சூடு இன்னும் சமமாகல. ரேஸ்கோர்ஸை இன்னொரு சுத்துச் சுத்திட்டு வாங்க."

"இன்னொரு சுத்தா?"

"ஆமாங்கம்மா. டாங்க் நெறையா இருக்குதுங்களா?"

"முக்கால் இருக்குது."

"அப்ப மெதுவாப் போங்க. ரொம்ப மெதுவா."

போன் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னோக்கிச் செல்லும் கியரின் கரகரப்பு திருமூர்த்தியின் விலா எலும்புகளில் ஓடி முடிந்தது. பிறகு முதல் கியர். மரகதம் இன்னொரு முக்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே பார்த்தவற்றை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். சொல்ல நிறைய இருந்தது. பதினோரு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினாள்.

"ம்," என்றான் அவன்.