விரலில் சுற்றிய துணி

விடியுமுன்பே இறால் வந்து இறங்கிவிடும். ஐஸோடு கொட்டிய குவியலுக்குள் கைவிட்டால் முழங்கை வரை மரத்துப்போகும். இறால் தலைக்கொம்பு ஊசி மாதிரி விரலில் ஏறும். கையுறை வாங்கித் தர முதலாளி பாண்டியராஜனுக்கு மனம் வரவில்லை. அதனால் தூத்துக்குடித் துறைமுகச் சாலையோரம் இருந்த அந்த இறால் உரிக்கும் கொட்டகையில் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்வார்கள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது, பக்கத்தில் இருப்பவள்தான் கட்டிவிட வேண்டும். செல்லக்கிளிக்குத் தேவமணி கட்டுவாள், தேவமணிக்குச் செல்லக்கிளி.

அந்த வாரம் யாரும் யாருக்கும் கட்டவில்லை.

கையுறை கேட்டு எல்லோரும் சேர்ந்து போய் நின்ற பிறகு முதலாளிக்குத் திடீரென்று அக்கறை பொங்கியது. மருத்துவ முகாம் என்று ரத்தம் எடுக்க வைத்தார். பிறகு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்கள்ல ஒருத்திக்கு எச்.ஐ.வி. இருக்கு. பேரைச் சொல்ல மாட்டேன். அவளே வேலைய விட்டு நின்னுக்கிடட்டும்."

அன்றிலிருந்து செல்லக்கிளி வேவு பார்த்தாள். யார் இருமுகிறாள், யார் இளைத்துவிட்டாள்? கஞ்சி குடித்ததும் தேவமணி முந்தானை மறைவில் மாத்திரை போடுவதைக் கண்டாள். அவள் குடித்த செம்பைத் தொடாமல் தாகத்தோடு கிடந்தாள். துணி கட்டாத விரல்கள் கிழிந்து ஐஸ் தண்ணீர் சிவந்தது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி வந்து நின்றார்.

"இன்னும் அவ போகல்லையா? அப்ப கொட்டகையப் பூட்டிருவேன்."

தேவமணி எழுந்தாள்.

"எனக்கு இருக்கு அண்ணாச்சி."



"எங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து பெரியாஸ்பத்திரில மாத்திர வாங்குதேன். ஒடம்பக் காக்குத அணுவத்தான் அந்தக் கிருமி அழிக்கும். அது கொறஞ்சா டி.பி., காய்ச்சல் எல்லாம் ஆளச் சாய்ச்சிரும். மாத்திரய விடாம போட்டா கிருமி அடங்கிக் கெடக்கும். தொட்டா, ஒரே செம்புல குடிச்சா யாருக்கும் ஒட்டாது."

"அப்ப நீதான். கெளம்பு."

"முகாம் அன்னைக்கு நான் மாத்திர வாங்க ஆஸ்பத்திரிக்குல்லா போயிருந்தேன். ரத்தமே குடுக்கல்லையே அண்ணாச்சி. நீங்க யாரக் கண்டுபுடிச்சீங்க?"

தேவமணி பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவே வேற யாருக்கும் இருந்தா பயப்படாதீங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

செல்லக்கிளிக்குச் சுரீரென்றது. கையுறை கேட்ட வாய்களை அடைக்க முதலாளி மூட்டிய தீயில் தானும் விறகாகக் கிடந்ததை நினைத்துக் கூசினாள். கீழே கிடந்த துணியை எடுத்தாள்.

"காட்டுளா கைய."

தேவமணியின் விரல்களில் ஒவ்வொன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வரிசை முழுக்க மற்றவர்களும் துணியை எடுத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

"துணி கெட்டியாச்சுல்லா, வேலைக்கு உக்காருங்க" என்றார் முதலாளி, நிம்மதியோடு.

"கையுறை வரட்டும்" என்றாள் செல்லக்கிளி. "தேவமணி இங்கனதான் இருப்பா. யாரக் கேட்டு எங்க ரத்தத்துல அந்தக் கிருமி இருக்கான்னு பாத்தீய? அதுக்கும் பதில் சொல்லுங்க."

இறால் குவியலில் ஐஸ் உருகி வழிந்தது. யாரும் உட்காரவில்லை.