இரவல் வாங்கிய பத்து மணி

"அம்மா, உனக்குப் பல்லே வலிக்கலைன்னா ஏன் எப்பவும் இடது பக்கமே மெல்லுற?"

பிப்ரவரி மாதத்துக் காலை ஒன்றில், ரொட்டித் துண்டில் சுட்ட மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டே பிலியானா இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

ராலிட்சா தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள். கப்ரோவோவில், ஏன், பல்கேரியா முழுக்கவே, இல்லை என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவார்கள். ஆமாம் என்றால் தலை பக்கவாட்டில் அசையும்.

"பொய்," என்றாள் மகள். "வலிக்குது. டாக்டர்கிட்டப் போகப் பயம் உனக்கு. எனக்கு ரெண்டு பல்லு சொத்தைன்னு ஸ்கூல்ல எழுதிக் குடுத்தாங்கல்ல? நீ போய் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டு வா. அப்புறம் நான் உட்கார்றேன். நீ போகலைன்னா நானும் போக மாட்டேன்."

சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள். அவளும் இடது பக்கமாகவே மென்றாள். தன் மூக்கையும் தலைமுடியையும் மகளுக்குக் கொடுத்ததில் ராலிட்சாவுக்குப் பெருமைதான். இதையும் கொடுத்துவிட்டோமே என்றுதான் வலித்தது.

ராலிட்சா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். நாற்பத்தாறு வயதில் மாமியாரையும் மேஸ்திரியையும் ஒரு தீ விபத்தையும் சமாளித்தவள். கீழ்த்தாடையின் வலது கடைவாய்ப் பல்லை மட்டும் அவளால் சமாளிக்க முடியவில்லை. கிராம்பு வைத்தாள். பிராந்தியைக் கொப்பளித்தாள். பல்வலிக்கென்றே இருக்கிற புனித அந்திப்பாவுக்கு மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றினாள். புனிதர் கேளாமல் இருக்க மாட்டார். ஆனால் பல் பிடுங்கும் குறடு வானத்திலிருந்து இறங்கி வராது, அவர் யாரையாவது அனுப்பித்தான் வைப்பார் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

போய் உட்கார்ந்துவிட்டு வருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்த பிறகு இரண்டு முறை கிளம்பினாள். முதல் முறை பேருந்து நிறுத்தத்தோடு திரும்பினாள். இரண்டாம் முறை பல் மருத்துவரின் மாடிப்படிக்கட்டு வரை போனாள். மேலிருந்து பல் துளைக்கும் இயந்திரத்தின் கீச்சுச் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாகவே இறங்கிவிட்டன. "உட்கார்ந்தியா?" என்று இரண்டு மாலையும் பிலியானா கேட்டாள். இரண்டாம் மாலை பதிலுக்குக் காத்திராமலே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் கன்னம் வீங்கிவிட்டது. மூன்றாம் முறையாகப் போனாள்.

காத்திருக்கும் அறை சின்னது. மூன்று நாற்காலிகள், கோட்டு மாட்டும் ஒரு கம்பம், மெல்லிய குரலில் பாடும் ஒரு வானொலி. மருத்துவருக்கு ஒரே ஓர் உதவியாளர். அவள் வந்து பெயரைக் குறித்துக்கொண்டு, கருவிகளை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள். அறையில் ராலிட்சாவைத் தவிர இன்னொருவர்தான் இருந்தார். அறுபது வயது மதிக்கத்தக்க பெரிய உருவம், நகராட்சித் தண்ணீர்க் குழாய் ஊழியரின் பூட்ஸ், கோட்டு மார்பில், நலம் வேண்டி மார்ச் மாதம் ஊரே குத்திக்கொள்ளும் சிவப்பு வெள்ளைக் குஞ்சம். கோட்டின் நடுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ராலிட்சா உட்கார்ந்தாள். எழுந்தாள். சன்னலுக்குப் போனாள். திரும்பவும் உட்கார்ந்தாள். கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கணக்குப் பாடத்தின் நடுவே கதவு திறக்கும். வெள்ளை உடுப்பு நர்ஸ் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு பெயரைப் படிப்பாள். முப்பது பிள்ளைகளும் மூச்சை அடக்குவார்கள். அன்று படித்த பெயர் ராலிட்சாவுடையது. பள்ளியின் பல் அறையில் மரத்துப்போகும் ஊசி கிடையாது. நர்ஸ் அவள் முழங்கால்கள் மேல் உட்கார்ந்துகொண்டாள். வலிக்கிறது என்று ராலிட்சா கையைத் தூக்கினாள். "கையை இறக்கு," என்றார் மருத்துவர். பல்லைத் துளைக்கும் சக்கரம் நிற்கவே இல்லை. அவள் மருத்துவரின் விரலைக் கடித்தாள். அதற்காக வகுப்பின் முன்னால் நிறுத்திவைக்கப்பட்டாள்.

சுவரில் கடிகாரம் பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் என்றது. அவளுடைய நேரம் பத்தரை. ராலிட்சா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசற்கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினாள்.

"அது உள்பக்கமாத் திறக்கும், தங்கச்சி," என்றார் பெரியவர். "தள்ளினா வராது. நானும் நாலு தடவை தள்ளிப் பார்த்திருக்கேன்."

"இல்லை, நான்… ஒரு போன் பேசணும்."

"பேசுங்க. நான் போன வருஷம் அடுப்பை அணைக்க மறந்துட்டேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். அடுப்பை அணைச்ச என் வீட்டுக்காரி பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தா."

ராலிட்சாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கன்னம் தெறித்தது.

"எத்தனை மணிக்கு உங்களுக்கு?"

"பத்தரைக்கு."

"எனக்குப் பத்து. என்னோடதை நீங்க எடுத்துக்குங்க. பல்லு கொல்லாது, தங்கச்சி. காத்திருக்கிற அரை மணி நேரம்தான் கொல்லும்."

"அப்ப உங்களைக் கொல்லாதா அது?"

அவர் பொத்தானை விட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். குழாய்களைத் திருகித் திருகிக் காய்த்துப்போன கை, காற்றில் இலை போல் நடுங்கியது. "பயம்தான். ஆனா இது என் வீட்டு நாய் மாதிரி, பழகிடுச்சு. குரைக்கும், அவ்வளவுதான். உங்களோடது இன்னும் தெருநாய். கடிச்சு வைக்கும்."

"உங்க பேரு என்னண்ணே?"

"டிராகோமிர். உள்ளே போய் என்னைப் பத்தி நல்லதாச் சொல்லிவைங்க. கப்ரோவோக்காரன்னா கஞ்சன், ஒரே ஊசியில ரெண்டு பல்லைப் பார்க்கச் சொல்வான்னு டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம்."

அப்போது உள்கதவு திறந்தது. "அடுத்தது யாரு?" என்றாள் உதவியாளர்.

"இவங்கதான்," என்றார் டிராகோமிர், ராலிட்சா வாயைத் திறப்பதற்குள்.

மருத்துவர் ஸ்டிலியானோவா இளநரை விழுந்த பெண்மணி. பதினாறு வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு இலையுதிர் காலத்தில்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். வாயைப் பார்த்ததும் முதலில், "தையல் வேலையா?" என்றார்.

"எப்படி டாக்டர் தெரியும்?"

"முன்பல்லுல சின்னதா ஒரு பள்ளம். நூலைக் கடிச்சுக் கடிச்சு வந்தது." பிறகு கடைவாய்க்குப் போனார். "இதுல சீழ் கட்டியிருக்கு. திறந்து விட்டா பல்லைக் காப்பாத்திடலாம். இன்னும் ரெண்டு தடவை வரணும். முதல்ல மரத்துப்போக ஊசி போடறேன்."

ஊசி போட்டார். பஞ்சு வைத்தார். உறிஞ்சுகுழாயை உதட்டில் மாட்டினார். சிறிது நேரம் கழித்து, "மரத்துப் போச்சா?" என்று கேட்டார்.

மரத்துப்போகவில்லை. வாய் நிறையப் பஞ்சு. ராலிட்சா தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள்: இல்லை, இல்லை.

"நல்லது," என்றார் மருத்துவர். இயந்திரம் கீச்சிட்டது.

வலி நேராக மூளைக்குள் ஏறியது. ராலிட்சா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கழுத்தில் காகிதத் துண்டு தொங்க, பஞ்சைத் துப்பியபடி, அறையின் கதவருகே நின்றாள். கைப்பிடி கையில் இருந்தது. இந்த முறை எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

கதவுக்கு அப்பால் யாரோ லேசாக இருமினார்கள். டிராகோமிர். தம் பத்து மணியைக் கொடுத்துவிட்டு, அந்த அரை மணி நேரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் எப்படி ஓடுவது? தன்னுடைய நேரமாக இருந்திருந்தால் வீணாக்கியிருக்கலாம். இது இரவல் வாங்கியது.

திரும்பிப் பார்த்தாள். இயந்திரம் நின்றிருந்தது. அது எப்போதோ நின்றுவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மருத்துவர் முகமூடியைக் கழற்றிவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நீங்க இல்லைன்னு சொன்னீங்க," என்றார். "தலையை ஆட்டினீங்க. நான் ஜெர்மனி வழக்கத்துல ஆமான்னு எடுத்துக்கிட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா. தப்பு என்னோடது."

உதவியாளர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். "இது மூணாவது, டாக்டர். போன வாரம் போஸ்ட்மேன்."

"தெரியும், தெரியும். ஊருக்கு வந்து ஆறு மாசமாச்சு, இந்தத் தலை மட்டும் இன்னும் வந்து சேரலை."

மருத்துவர் ஒருவர் தப்பு என்னோடது என்று சொல்லி ராலிட்சா கேட்டதே இல்லை. பள்ளியில் அன்று யாராவது இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், அவள் அந்த விரலைக் கடித்திருக்க மாட்டாள். முப்பத்தேழு வருடமாக அந்த அறையின் கதவருகே நின்றுகொண்டிருக்கவும் வேண்டியிருந்திருக்காது. ஆண்டவர் சில நேரம் பெரிய அற்புதம் எதுவும் செய்வதில்லை. ஒரு சக்கரத்தை நிறுத்தச் செய்கிறார், அவ்வளவுதான்.

கைப்பிடியை விட்டாள். போய் உட்கார்ந்தாள்.

"இனிமே தலை வேண்டாம்," என்றார் மருத்துவர். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்."

"நிறுத்துவீங்களா?"

"தூக்கிப் பாருங்க."

இரண்டாவது ஊசிக்குப் பிறகு உதடும் நாக்கின் பாதியும் காணாமல் போயின. வேலை நடுவே ராலிட்சா வலிக்காமலே ஒருமுறை கையைத் தூக்கிப் பார்த்தாள். சத்தம் நின்றது. மருத்துவர் எதுவும் கேட்கவில்லை. அவள் கை இறங்கும்வரை காத்திருந்தார். அதன் பிறகு அவள் தூக்கவில்லை.

முடிந்ததும் மருத்துவர் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கையில் கொடுத்தார். "பல் சந்துல விட்டு இழுக்கிற நூல். மெழுகு போட்டது, அறுகாது. இதையும் கடிச்சு அறுக்காதீங்க. பெட்டியிலேயே வெட்டற தகடு இருக்கு." உதவியாளர் வியாழக்கிழமை நான்கு மணிக்குப் பிலியானா என்று எழுதிக்கொண்டாள். ராலிட்சா மரத்த வாயால் குழறிச் சொன்னதிலிருந்து அந்தப் பெயரைப் பிடிக்கவே அவளுக்கு நான்கு தடவை ஆயிற்று.

வெளியே டிராகோமிர் கோட்டைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, சட்டையோடு தயாராக நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வலிச்சுதா, தங்கச்சி?"

ராலிட்சா தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள். அது முழு உண்மை இல்லை. ஆனால் அவர் இந்த மண்ணை விட்டு எங்கும் போகாதவர், சரியாகவே புரிந்துகொண்டார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போனார். உதவியாளரும் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள்.

அறையில் யாருமில்லை. வானொலி பாடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் ஒரு கறுப்புப் பொத்தான் கிடந்தது. அந்த அரை மணி நேரத்தில் திருகித் திருகி அறுந்திருக்கிறது. கோட்டின் நடுவே இரண்டு நூல்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெளியே மார்ச் மாதத்துப் பனிக்காற்று.

தையல்காரிகளிடம் ஊசி எப்போதும் இருக்கும். ராலிட்சாவின் கோட்டுக் காலருக்கு அடியிலும் ஒன்று குத்தியிருந்தது. நூல்தான் இல்லை. வெள்ளைப் பெட்டியைத் திறந்து ஒரு முழம் இழுத்தாள். மெழுகு நூல் ஊசிக்காதில் ஒரே தடவையில் நுழைந்தது. கம்பத்தில் தொங்கிய கோட்டைத் தன் பக்கம் இழுத்து, பொத்தானின் நான்கு துளைகளிலும் மும்முறை ஓட்டினாள். பொத்தானின் அடியில் நூலைக் கழுத்துப் போல் சுற்றினாள். உள்பக்கம் முடிச்சுப் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் கீச்சிட்டது. அவள் கை ஆடவில்லை.

வழக்கம்போல் நூலைக் கடிக்கக் குனிந்தாள். உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பெட்டியின் ஓரத்துத் தகட்டில் நூலை வைத்து இழுத்தாள். அந்தச் சின்ன உலோகப் பல் நூலைச் சுத்தமாக அறுத்தது.

கோட்டின் தோளைச் சரியாகத் தொங்கவிட்டு, குஞ்சத்தை முன்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு வாசற்கதவைத் தன் பக்கமாக இழுத்துத் திறந்துகொண்டு வெளியே போனாள்.